நூற்று ஐம்பத்தாறு மணி நேரம்

"எங்க வீட்டுக்காரரைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். விலையை மட்டும் சொல்லுங்க, போதும்."

மதிப்பீட்டாளர் ஷெட் கதவைத் திறப்பதற்குள்ளேயே அந்த அம்மாள் இப்படிச் சொல்லிவிட்டாள். மனுஷன் செத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. கூட வந்த தம்பியும் ஆமாம் என்று ஒத்து ஊதினான்.

உள்ளே நின்றது இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். விமானம் என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். டயர் கடைக்காரர் ஒருவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பழசாக வாங்கிப்போட்ட ஒரே சொத்து அது.

இப்போது அதை விற்றாக வேண்டும். மகளுக்குப் பதினோரு வயதில் லாரி மோதி இடுப்பெலும்பு நொறுங்கியது. வளர்ச்சி நிற்கட்டும், பதினேழு வயதில் ஆபரேஷன் செய்தால் நடப்பாள் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதினேழு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி கேட்கிற தொகையை மதிப்பீட்டாளரிடம் போனிலேயே சொல்லியிருந்தாள். வேறு வழியில் அதைப் புரட்ட அவளிடம் எதுவும் இல்லை.

கோபத்துக்கும் காரணம் இருந்தது. மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உங்களுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் இவளை யார் தூக்குவது, இனிமேல் பறக்கவே கூடாது என்று புருஷனிடம் வாக்கு வாங்கினாள். அவரும் தலையாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெட்ரோல் கேனோடு இங்கே கிளம்பிவிட்டார். ஆறு வருஷம், ஒரு ஞாயிறு தப்பவில்லை.

ஒரே ஒரு தடவை, "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்" என்று ஆரம்பித்தார். "இன்னொரு பொய்யா?" என்றாள். அதோடு சரி. சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க என்பதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

மதிப்பீட்டாளர் வேலையைத் தொடங்கினார். இந்த மாதிரி விமானம் சந்தையில் என்ன விலை போகிறது என்று எழுதிக்கொண்டார். பெயிண்ட், ரேடியோ, காகிதங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலையைக் கூட்டினார், குறைத்தார். எஞ்சின் ஓடுகிற நேரத்தையெல்லாம் குறித்துவைக்கும் கடிகாரம் ஒன்று உள்ளே இருந்தது. விபத்துக்கு முன் கடைசியாக மெக்கானிக் எழுதிய கணக்குக்கு மேல் நூற்று ஐம்பத்தாறு மணி நேரம் ஓடியிருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு அரை மணி. ஆறு வருஷத்துக்குக் கணக்கு கரெக்டா வருதுக்கா" என்றான் தம்பி.

"பொண்ணு படுக்கையில. அப்பனுக்கு ஆகாசத்துல சவாரி" என்றாள் அவள்.

மதிப்பீட்டாளர் எஞ்சின் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு தொகையைச் சொன்னார். ஆஸ்பத்திரி கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

தம்பிக்குச் சுர்ரென்று ஏறியது. வாங்குகிறவனிடம் எவ்வளவு கை நீட்டினீர்கள் என்றே கேட்டுவிட்டான். இந்தத் தொழிலில் மதிப்பீட்டாளரை விற்கிறவன் திருடன் என்பான், வாங்குகிறவன் முட்டாள் என்பான். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எஞ்சின் உள்ளுக்குள்ளே கெட்டுவிட்டது, வேறு எஞ்சின்தான் போட வேண்டும், அந்தச் செலவு போக மிஞ்சுவது இவ்வளவுதான் என்றார்.

"பறந்து பறந்தே தேய்ச்சுட்டார், அதானே?" என்றாள் அவள். "என் பொண்ணு காலையும் சேத்துல்ல தேய்ச்சுட்டுப் போயிருக்கார்."

மதிப்பீட்டாளர் தயங்கினார். நல்லதாக எதுவும் சொல்லக் கூடாது என்பதுதானே உத்தரவு.

"தேயலைம்மா. துரு. நீங்களே இந்தச் சக்கரத்தைப் பாருங்க."

குனிந்து தொட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் கடையில் டயர் விற்றவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விபத்துக்கு முந்தின வாரம் அவர் மாட்டிய டயர்கள். புது ரப்பரில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைகள்கூட அப்படியே இருந்தன. இந்தச் சக்கரம் ஓடவும் இல்லை, ஓடி எங்கும் ஏறி இறங்கவும் இல்லை.

மதிப்பீட்டாளர் விமானத்தின் பதிவு நோட்டை அவளிடம் நீட்டினார். வாரத்துக்கு ஒரு வரி, பக்கம் பக்கமாக அவருடைய கோணல் கையெழுத்தில். "தரையில் அரை மணி. பறக்கவில்லை." மறுபடியும், "தரையில் அரை மணி. பறக்கவில்லை."

"சும்மா நின்னா வீணாப் போயிடும், ஆபரேஷன் நேரத்துல விலை போகாதுன்னு பயந்திருக்கார்மா. அதான் வாராவாரம் வந்து ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கார். நிறைய பேர் பண்ற தப்புதான். மேலே பறந்தாதான் எஞ்சின் நல்லா கொதிச்சு உள்ள இருக்கற ஈரம் போகும். தரையிலயே ஓட்டினா ஈரம் அங்கேயே தங்கிடும். காப்பாத்தறதா நினைச்சு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவரே..."

தம்பி வெளியே போய் நின்றுகொண்டான்.

அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அழக்கூட இல்லை. நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்.

"நான் வாங்கின வாக்கை மீறி, அவர் நிஜமாவே பறந்திருந்தா?"

மதிப்பீட்டாளர் பையில் எதையோ தேடினார். அவள் நகரவில்லை. திரும்பவும் அதையே கேட்டாள்.

"ஆபரேஷன் செலவு போக, மிச்சமே இருந்திருக்கும்மா."