முற்றத்தில் அம்பாசிடர்

பழைய அம்பாசிடருக்கு ஒரு வாரமாகப் பட்டி பார்த்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, முற்றத்தில் நிறுத்தி மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார் கனகதாஸ்.

“எத்தற தேச்சாலும்...” என்று தொடங்கினாள் மனைவி சுகிர்தபாய்.

“நீ மிண்டாத இரி. நம்ம மக சோனாவப் பெண்ணு பாக்க வாற ஆளுவ கண்ணில மொதல்ல இது படணும். கார் உள்ள வீடாக்கும்!”

பலித்தது. பஸ்ஸில் வந்திறங்கிய மாப்பிள்ளையின் அப்பா காரைத் தடவிப் பார்த்தார். காப்பி குடித்து, “எங்களுக்குச் சம்மதம்” என்று எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

மாப்பிள்ளை அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்சீட்டில் கிடத்தி, கனகதாஸை ஸ்டியரிங் முன்னால் தள்ளி உட்காரவைத்தான்.

“மாமா, காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு விடுங்க, சீக்கிரம்!”

கனகதாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, வண்டிய எடுங்க!”

“ஓடிப்போய் ஒரு ஜீப்பு பிடி மக்கா... இதில எஞ்சின் இல்ல. வித்து மூணு வருசமாச்சு.”