டிராயர் மாத்திரை

வலது கன்னத்தில் கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார் சூப்பிரண்டு. ஈறு வீங்கி, வாய் பாதிதான் திறந்தது.

"பல் டாக்டர்கிட்ட போகலையா சார்?" என்றார் எதிர் மேஜை கிளார்க்.

"போன மாசமே போனேன்யா. ஏழு நாளைக்கு மாத்திரை குடுத்தார். ரெண்டே நாள்ல வலி நின்னுடுச்சு, நானும் நிறுத்திட்டேன். இப்ப மறுபடியும் உயிர் போகுது."

"இதுக்குப் போயி திரும்ப டாக்டரா?" கிளார்க் தன் டிராயரைத் திறந்தார். "என் மச்சானுக்குத் தொண்டைப் புண்ணுக்குக் குடுத்தது, மூணு மிச்சம் இருக்கு. எல்லாம் ஆன்டிபயாட்டிக்தானே சார், தொண்டைன்னா என்ன, ஈறுன்னா என்ன?"

டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த வெள்ளை மாத்திரையெல்லாம் கேக்காது சார். இந்தச் சிவப்பு என் பொண்ணு காதுவலிக்குப் போட்டது. ரெண்டையும் சேத்துப் போடுங்க, பறந்துடும்."

வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று போட்டுத் தண்ணீர் குடித்தார் சூப்பிரண்டு. போன் அடித்தது. டைரக்டர். சட்டென்று எழுந்து நின்றார்.

"நோட்டீஸ் வாசகம் ரெடி சார், படிக்கிறேன். 'டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதீர்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். இப்படிக்கு, சுகாதாரத் துறை, விழிப்புணர்வுப் பிரிவு.'"

போனை வைத்துவிட்டு, படித்த காகிதத்தைக் கிளார்க்கிடம் நீட்டினார்.

"வீட்டுல அவளுக்கும் கடைவாய்ப் பல்லு குடையுதாம். மிச்ச மாத்திரையை இதுலயே மடிச்சுக் குடுய்யா."