பக்கத்து வீட்டுல குடுங்க

சிரமப்படும் குடும்பங்களுக்கு உதவும் மையத்தில் வேலை பார்ப்பவள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். மடிப்புக் கலையாத உடையில் ஒரு பெண் திறந்தாள்.

"மளிகைச் சாமான் குடுக்கறோம்மா. உங்களுக்கு வேணுமா?" மையத்துப் பெண் கேட்டது தெருவுக்கே கேட்டது.

"எங்களுக்கு என்ன குறைச்சல்? பக்கத்து வீட்டுல குடுங்க. கைக்குழந்தைக்காரி. புருஷன் ஆஸ்பத்திரில கிடக்கறார். வாய் திறந்து கேக்க மாட்டா."

மிச்சமிருந்த ஒரே பை பக்கத்து வீட்டுக்குப் போனது.

"யார் சொன்னாங்க?" என்று கண் கலங்கினாள் கைக்குழந்தைக்காரி.

"பக்கத்து வீட்டம்மாதான். தங்கமான மனசு. தனக்கு வேண்டாம்னுட்டாங்க."

"ஐயோ! அந்த அக்கா வீட்டுக்காரருக்கு வேலை போய் மாசக்கணக்காச்சு. பசங்க பசியில அழறது சுவரைத் தாண்டிக் கேக்குது. நாலு பேர் பாக்க வாசல்ல வச்சுக் கேட்டா, எப்படிம்மா வேணும்பாங்க?"

அவளே பாதியைப் பிரித்துக் கொடுத்தாள். மையத்துப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள். இம்முறை மெதுவாகத் தட்டினாள்.

கதவைத் திறந்தவள் பாதியே நிறைந்திருந்த பையைப் பார்த்தாள்.

"அவ பங்கையா வாங்கிட்டு வந்தீங்க? கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

கதவை மூடிவிட்டாள். உள்ளே ஒரு குழந்தையின் குரல் கேட்டது.

"யாரும்மா?"

"யாரோ வீடு தெரியாம வந்துட்டாங்கடா."