மேடையிலிருந்து இறங்கியவர்

லண்டன் மண்டபத்தின் உயரமான ஜன்னல்களில் மழை வெளிச்சம் வெளிறிக் கிடக்கிறது. தன் பதவி நீட்டிப்புக்கு வாக்கெடுக்கும்போது சேர்மன் மேடையில் இருக்கக் கூடாது என்பது வங்கியின் வழக்கம். அதனால் சேர்மன் கார்ஸ்வெல் இறங்கிவந்து பங்குதாரர்களின் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சிற்றூர்க் கிளைகளை மூட அவர் மறுத்துவிட்டார். மற்ற இயக்குநர்கள் அவரை அனுப்பிவிடத் துடிக்கிறார்கள். பதினாறு வயதில் அப்படியொரு சிற்றூர்க் கிளையில்தான் கார்ஸ்வெல் மைக்கூடு நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்தில் மிஸஸ் ஆக்ராய்ட் கிழவி, மடியில் கைக்குட்டை விரித்து வெள்ளரிக்காய் சாண்ட்விச் தின்கிறாள். "மேல உட்கார்ந்தா பெரிய ஆளாத் தெரிஞ்ச. கிட்டப் பார்த்தா காலரே நைஞ்சு கிடக்கேப்பா." "காலர் மட்டுந்தாம்மா நைஞ்சிருக்கு." மேடையில் துணைத்தலைவர் பென்ரோஸ் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்கிறார். யார் முதலில் தூக்குவது என்று பங்குதாரர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. தனக்குத் தானே வாக்களிப்பது இங்கே அநாகரிகம். எந்தச் சேர்மனும் செய்ததில்லை. கார்ஸ்வெல் எழுந்து நின்று வலது கையை நேராக உயர்த்துகிறார். பென்ரோஸின் முகம் சிவக்கிறது. "சார், நீங்களேவா?" "நானும் பங்குதாரன்தானே, பென்ரோஸ். ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிங்க."