சாகாதவர்களுக்கு ஒரு துக்கமணி

“மாதா கோயில் துக்கமணியை அடிச்சது ஆர்?”

புயலுக்குப் பிந்திய விசாரணைக் கூட்டத்தில் பிரதேச சபைச் செயலாளர் தனஞ்சயன் மூன்றாம் முறையாகக் கேட்டார். கடற்கரை ஒழுங்கையில் குடியிருக்கும் சனம் கூரையைப் பார்த்தது.

“சொல்லாட்டி எல்லாரையும் பொலிசில நிறுத்துவன். அடிச்ச ஆள் மறியலில கம்பி எண்ணவேண்டியதுதான்.”

பின்வரிசையில் நிக்கலஸ் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். துறைமுகத் தொழிற்சங்கத்தில் முப்பது வருசம் கத்திய தொண்டை.

“நான்தான்.”

“நினைச்சனான்!” என்று பல்லைக் கடித்தார் செயலாளர். “புயலுக்கெண்டு எங்களிட்டத் திட்டம் இருக்கு. அறிவித்தல் வாகனம் இருக்கு. சனத்தைக் கிளப்ப நீங்கள் ஆர்?”

“வாகனம் எத்தினை மணிக்கு வந்தது?”

“மேலிடத்துக் கையெழுத்து வரவேணும்தானே. ஏழு மணிக்கு.”

“கடல் அஞ்சு மணிக்கே வந்திட்டுது தம்பி. அதுக்குக் கையெழுத்துத் தேவைப்படேல்ல.”

சனம் சிரித்தது. மீன் வியாபாரி பாயிஸ் எழும்பினார்.

“போன ரெண்டு தரமும் வாகனம் கத்தினது, புயல் வரேல்ல. இந்தமுறை கத்தியிருந்தாலும் நாங்கள் அசைஞ்சிருக்க மாட்டம், சேர். மணி கேட்டு, ஆர் மௌத்து, ஆர் செத்ததெண்டு பார்க்கத்தான் மேட்டுக் கோயிலுக்கு ஏறினனாங்கள். திரும்பிப் பார்த்தா வீடுகளைக் காணேல்ல.”

“அதெல்லாம் வேற கதை. பொய் மணி பொய் மணிதான். வழக்குப் போடுவன்.”

“போடுங்கோ!” என்றார் நிக்கலஸ். “என்மேல ஏற்கெனவே பதினொண்டு கிடக்கு. டசின் ஆகட்டும்.”

“இந்தாளுக்கு எப்பவும் பேர் எடுக்கவேணும்,” என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தது நிக்கலசுக்குக் கேட்டது. அவர் நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு வெளியே நடந்தார்.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க, சபையின் அனர்த்தப் பிரிவு எழுத்தர் தினுஷா பின்னாலேயே ஓடிவந்தாள். இன்னும் நிரந்தரமாகாத வேலை. கடதாசியை நீட்டியபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அங்கிள், அண்டைக்கு நீங்கள் தோப்பூரில மகள் வீட்டிலயெல்லோ நிண்டனீங்கள்? மணி அடிச்சது நானெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

நிக்கலஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்கு எங்க பிள்ளை தெரியும்? ஒழுங்கையில ஆரோ ஒரு ஏழை மாட்டப்போகுதெண்டு எழும்பினனான்.”

கையெழுத்தை அழுத்திப் போட்டார்.

“சபைக்குள்ள ஒரு மனுசர் இருக்குமெண்டு கனவிலயும் நினைக்கேல்ல.”