சொல்லிக்கொடுத்த வரி

அரை மதிப்பெண்ணில் தனக்குத் தவறிய உதவித்தொகை விடுதி அறைத்தோழி தமயந்திக்குப் போனதிலிருந்து கோமளவல்லிக்கு வயிறு எரிந்தது. அந்தப் பணத்தில் படித்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தால், காசு வாங்காவிட்டாலும் சட்டப்படி அது வருமானம், வரி உண்டு. தமயந்தியோ தினமும் சாயங்காலம் கோமளவல்லிக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

கற்றுக்கொண்டதையே புகாராக்கி, வரித்துறை இயந்திரத்திடம் போட்டுக்கொடுத்தாள் கோமளவல்லி.

"அவங்களே முதல் நாளே சொல்லிட்டாங்கம்மா" என்றது இயந்திரம். "வரியை மெஸ்ஸுல ராத்திரிச் சாப்பாட்டுக் காசுல பிடிச்சுக்கச் சொன்னாங்க. ரெண்டு வருஷமா பிடிக்கிறோம்."

தமயந்தி மட்டும் எப்படி இப்படிக் கொடிபோல் மெலிந்துகொண்டே வருகிறாள் என்று அதற்கும் இத்தனை நாள் பொறாமைப்பட்டிருந்தாள் கோமளவல்லி.