மூன்றாவது கியர்

தெலுக் இந்தானைத் தாண்டியதிலிருந்து ஏழாம் நம்பர் லோரி குலுங்கவே இல்லை.

புஷ்பலதா திரையை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். குலுக்கல் கோடு அப்படியேதான் இருந்தது, தட்டில் ஊற்றிய பால் மாதிரி.

லகாட்டில் உள்ள அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அவளுக்கு வேலையே இதுதான். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீனும் இறாலும் ஏற்றி வரும் ஒன்பது லோரிகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வது. பெட்டிகளுக்கு நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கும். உள்ளே எத்தனை டிகிரி, கதவு திறந்ததா, வண்டி எங்கே வருகிறது, எவ்வளவு குலுங்குகிறது, எல்லாவற்றையும் நிமிடத்துக்கு ஒருமுறை அது சொல்லிவிடும்.

குலுக்கல் என்றாலே அப்பாவு அண்ணன்தான்.

இருபத்தாறு வருஷமாக லோரி ஓட்டுகிறவர். பள்ளத்தைக் கண்டு பிரேக் பிடிப்பது தன் பரம்பரைக்கே பழக்கமில்லை என்பார். இறால் நசுங்கி வந்ததற்காக இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

இரண்டாவது கடிதம் வந்த அன்று இந்தத் திரைக்கு முன்னால் வந்து நின்று, "இந்தக் குட்டிச்சாத்தானுக்கு நான் என்னம்மா பாவம் செஞ்சேன்?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தவளே அவள்தான். ஆனாலும் மறுநாள் அவளுக்கு ஒரு பை நண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

இன்றைக்கு வேகம் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. தினமும் பத்து நிமிடம் டீ குடிக்க நிற்கும் லங்காப்பிலும் வண்டி நிற்கவில்லை. ஒன்பதுக்கு வந்திருக்க வேண்டியவர், ஒன்பதரை ஆகியும் கோப்பெங்கைத் தொடவில்லை. ஈப்போவில் கல்யாண விருந்துக்கு இறால் கேட்டிருந்த ஷரபுதீன் பாய் மூன்று முறை போன் செய்துவிட்டார்.

அவள் அப்பாவு அண்ணனை அழைத்தாள். பேசினால் பக்கத்து மேசைக்கும் கேட்கிற குரல் அவருடையது. இப்போது வந்ததோ காற்றோடு காற்றாக ஒரு "வாரேன்... வாரேன்." அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது.

அவள் சொன்னதைக் கேட்டு மேனேஜர் தர்மா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"டீ குடிக்கல, குலுங்கல, குரலும் அவர் மாதிரி இல்லங்கிறே. தெலுக் இந்தான்ல வண்டிய வேற யார் கையிலயோ கொடுத்துட்டாருலா."

"அண்ணே அப்படிச் செய்ய மாட்டாரு பாஸ். வரட்டும், கேட்டுக்கலாம்."

தர்மா கேட்கவில்லை. மூன்றாவது கடிதத்தை அடித்து எடுத்தார். அது அச்சாகி வெளியே வருவதைப் பார்க்கப் பிடிக்காமல் புஷ்பலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்தேகாலுக்கு லோரி பூனை மாதிரி வந்து வாசலில் நின்றது. இன்ஜின் அணையவில்லை. யாரும் இறங்கவில்லை.

"அப்பாவு அண்ணே!" என்று குரலை உயர்த்தியபடி தர்மா கடிதத்தோடு போனார். புஷ்பலதா பின்னாலேயே ஓடினாள்.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடி நான்கு விரற்கடை இறங்கியது. உள்ளே அப்பாவு அண்ணன்தான் இருந்தார். உதட்டின்மேல் விரலை வைத்திருந்தார்.

படியில் ஏறி எட்டிப் பார்த்த புஷ்பலதாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவருடைய இடது தோளில் ஒரு தலை சாய்ந்திருந்தது. அவர் மனைவி முத்தம்மா. வாய் லேசாகத் திறந்து, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கி போட்டிருக்கு தம்பி, முதுகு பூரா. பதினோரு நாளா வலியில கண்ணு மூடல. தெலுக் இந்தான் தாண்டினதும் சாஞ்சிட்டா. அதுலேருந்து முடிஞ்சவரைக்கும் மூனாவது கியர்லயே வாரேன். மாத்துனா தோளு ஆடும்ல."

லோரியில் வெளியாள் யாரையும் ஏற்றக் கூடாது என்ற விதியை எழுதியவரே தர்மாதான். அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, பெட்டி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் கிடங்கிலிருந்து பீப் பீப் என்று பின்னோக்கி வரத் தொடங்கியது. தர்மா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அதை நிறுத்த ஓடினார். அவர் ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை.

நாற்பத்திரண்டு பெட்டிகளும் கையால்தான் இறங்கின. இஸ்திரி போட்ட சட்டையில் ஐஸ் தண்ணீர் ஒழுக, தர்மாவும் ஆளோடு ஆளாகத் தூக்கினார். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு இறால்கூட நசுங்கியிருக்கவில்லை. பதினொன்றுக்கெல்லாம் ஷரபுதீன் பாயின் சரக்கு கிளம்பிவிட்டது.

புஷ்பலதா டீ வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் வலது கையால் மட்டும் வாங்கிக்கொண்டார்.

"அக்காவ எங்கண்ணே கூட்டிட்டுப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர்கிட்டதாம்மா. ஒரு வாரம் அலைஞ்சு கெடச்ச அப்பாயின்மென்ட்."

"எத்தன மணிக்கு?"

"ஒம்பதேகாலுக்கு. கம்பார்ல."

அவள் லோரி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். கம்பார் ஒரு மணி நேரத்துக்குமேல் பின்னால் கிடந்தது.

"கிளினிக் வாசலத் தாண்டித்தான் வந்தேன்," என்றார் அவர். "எழுப்ப மனசு வரல."